பாலும் தேனும் யாருக்குச் சொந்தம்? இடைக்கால இஸ்லாமியச் சிந்தனையில் விலங்குகள்

மீன், இறைச்சி, பால், முட்டை, தேன். இந்த ஐந்தையும் வேண்டாம் என்று ஒதுக்கிய ஒருவர் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் சிரியாவில் வாழ்ந்தார். பெயர் அபுல் அலா அல்-மஅர்ரி. கண் தெரியாத கவிஞர். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து குர்ஆன், ஹதீஸ் என்னும் நபிமொழி, அரபு இலக்கணம் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தவர். அவரைப் பற்றி முதல்முறை கேள்விப்படுகிறவர்களுக்கு உடனே ஒரு சந்தேகம் வரும். இஸ்லாத்தில் இறைச்சி ஹலால்தானே? பக்ரீத்துக்குக் குர்பானி கொடுக்கிறார்களே? அப்புறம் இவர் எப்படி?

இந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. மஅர்ரி வானத்திலிருந்து குதித்தவர் இல்லை என்பதால், அவருக்கு முன்னால் இருந்தவர்களையும் அவரைச் சுற்றி இருந்தவர்களையும் கொஞ்சம் பார்த்துவிட்டுத்தான் அவரிடம் வர வேண்டும்.

முதலில் ஒரு சொல்லைத் தள்ளிவைத்துவிடலாம். இறைச்சி சாப்பிடாதவரைத் தமிழில் 'சைவம்' என்கிறோம். அந்தச் சொல்லுக்குள் சமயம், சாதி, ஆசாரம், தீட்டு எல்லாம் கலந்து கிடக்கின்றன. பாலுக்கும் நெய்க்கும் அதில் தாராளமாக இடம் உண்டு. மஅர்ரியின் உணவு இந்தக் கணக்கில் சேராது. பாலையும் விட்டவர் அவர். தீட்டு என்ற பேச்சே அவரிடம் கிடையாது. அவர் பிடித்துக்கொண்ட சொல் வேறு: 'ளுல்ம்'. அநியாயம் என்று மொழிபெயர்க்கலாம். ஒரு பொருளை அதற்கு உரிய இடத்தில் வைக்காமல் வேறு இடத்தில் வைப்பதுதான் ளுல்ம் என்று அரபு அகராதிக்காரர்கள் விளக்குவார்கள். ஒருவருக்குச் சேர வேண்டியதை இன்னொருவர் எடுத்துக்கொள்வது. குர்ஆனில் மிக அடிக்கடி வரும் சொற்களில் இதுவும் ஒன்று.

இன்னொரு அடிப்படையும் தெரிந்திருக்க வேண்டும். இஸ்லாமியச் சட்டம் செயல்களை 'கூடும், கூடாது' என்று இரண்டாக மட்டும் வெட்டுவதில்லை. கட்டாயம், விரும்பத்தக்கது, அனுமதிக்கப்பட்டது, வெறுக்கத்தக்கது, தடுக்கப்பட்டது என்று ஐந்து படிகள் வைத்திருக்கிறது. இறைச்சி உண்பது பொதுவாக மூன்றாவது படியில் வரும். சாப்பிடலாம், சாப்பிடாமலும் இருக்கலாம். தன் விருப்பத்தில் ஒருவர் அதை விட்டுவிட்டால் மார்க்கத்தில் குற்றமில்லை. ஆனால் "அல்லாஹ் அனுமதித்த நல்லவற்றைத் தடுக்கப்பட்டவை ஆக்கிக்கொள்ளாதீர்கள்" என்று குர்ஆனின் 5ஆம் அத்தியாயம் 87ஆம் வசனம் எச்சரிக்கிறது. ஆகவே "நான் சாப்பிடுவதில்லை" என்றால் பிரச்சினை இல்லை. "இது ஹராம், யாருமே சாப்பிடக் கூடாது" என்றால் பிரச்சினை. இந்த நுணுக்கம் மனதில் இருக்கட்டும். பின்னால் மஅர்ரி இதைத்தான் கேடயமாகப் பிடிக்கப்போகிறார்.

சரி, விலங்குகளைப் பற்றி மூல நூல்கள் என்ன சொல்கின்றன? குர்ஆனின் அத்தியாயப் பெயர்களிலேயே பசு, கால்நடைகள், தேனீ, எறும்பு, சிலந்தி, யானை எல்லாம் வருகின்றன. 6ஆம் அத்தியாயத்தின் 38ஆம் வசனம் இந்தப் பேச்சில் எல்லோரும் திரும்பத் திரும்ப வரும் இடம்: பூமியில் நடமாடும் எந்த உயிரும், இரண்டு சிறகுகளால் பறக்கும் எந்தப் பறவையும் உங்களைப் போன்ற சமுதாயங்களே. 'சமுதாயம்' என்பதற்கு அங்கே உள்ள சொல் 'உம்மத்' என்பதன் பன்மை. முஸ்லிம் சமுதாயத்தையே குறிக்கிற அதே சொல் எறும்புக்கும் காகத்துக்கும் ஆகியிருக்கிறது. 16ஆம் அத்தியாயமோ, கால்நடைகள் உங்களுக்காகவே படைக்கப்பட்டன, அவற்றில் உங்களுக்குக் கதகதப்பும் உணவும் பயனும் உண்டு என்கிறது. அவற்றின் பால் அருந்த இனியது, தேனில் மனிதருக்கு நிவாரணம் உண்டு என்றும் அதே அத்தியாயத்தில் வருகிறது. இரண்டு குரலையும் சேர்த்தே கேட்க வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறவர்களை இரண்டு பக்கத்திலும் பார்க்கிறோம்.

நபிமொழிகளில் விஷயம் இன்னும் கிட்டத்தில் வருகிறது. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியில் சாகவிட்ட பெண்ணுக்கு நரகம். தாகத்தில் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலணியில் தண்ணீர் மொண்டு கொடுத்தவருக்கு மன்னிப்பு. இவை பலருக்கும் தெரிந்தவை. எனக்கு மறக்க முடியாதது வேறொரு காட்சி. ஒரு மனிதர் ஆட்டைக் கீழே கிடத்திவிட்டு, அதன் கண்ணெதிரே கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். ஆடு பார்த்துக்கொண்டிருக்கிறது. அதைக் கண்ட நபிகள் நாயகம், "இதை இரண்டு முறை சாகடிக்கப் பார்க்கிறாயா? கிடத்துவதற்கு முன்பே கத்தியைத் தீட்டியிருக்கக் கூடாதா?" என்று கேட்கிறார். ஆட்டை அறுக்கக் கூடாது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஆனால் கத்தியைப் பார்க்கும் ஆட்டுக்கு ஒரு பயம் இருக்கிறது, அந்தப் பயமும் ஒரு சாவு என்பது ஒரே கேள்வியில் ஒப்புக்கொள்ளப்பட்டுவிடுகிறது. உடம்பு வலியோடு மனவலியும் கணக்கில் வந்துவிட்டது.

சட்ட அறிஞர்கள் இதை எடுத்துக்கொண்டு விரிவாக எழுதினார்கள். டமாஸ்கஸிலும் பிறகு கெய்ரோவிலும் வாழ்ந்து 1262இல் இறந்த இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம், 'மனிதன் மீது விலங்குகளுக்குள்ள உரிமைகள்' என்றே ஒரு பட்டியல் தருகிறார். கிழடு தட்டினாலும் நோய் வந்தாலும், இனி எந்தப் பயனும் இல்லை என்றாலும் தீனி போட்டே ஆக வேண்டும். தாங்க முடியாத சுமை ஏற்றக் கூடாது. முட்டித் தள்ளி எலும்பை உடைக்கிற இன்னொரு விலங்கோடு சேர்த்து அடைக்கக் கூடாது. படுக்கிற இடமும் தண்ணீர் குடிக்கிற இடமும் நன்றாக இருக்க வேண்டும். இணைசேரும் பருவத்தில் ஆணையும் பெண்ணையும் பிரித்து வைக்கக் கூடாது. அறுத்தபின் உடல் குளிர்ந்து உயிர் முழுதாகப் போகும்வரை தோலை உரிக்கக் கூடாது. குட்டியைத் தாயின் கண்ணெதிரே அறுக்கக் கூடாது. அவர் 'உரிமை' என்ற சொல்லையே பயன்படுத்துகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். மனிதனின் பெருந்தன்மை என்று இதை அவர் சொல்லவில்லை.

இவர் ஷாஃபிஈ மத்ஹபை, அதாவது ஷாஃபிஈ சட்டப் பிரிவைச், சேர்ந்தவர். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற தமிழகக் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் மத்ஹபு அதுதான். அதே மத்ஹபின் பெரிய பெயர் இமாம் நவவி, 1277இல் இறந்தவர். பால் கறப்பதைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் படித்தால் மாட்டுத் தொழுவத்தின் வாசனையே வருகிறது. குட்டிக்குக் கேடு வரும் அளவுக்குப் பாலைக் கறந்துவிடக் கூடாது. கடைசிச் சொட்டுவரை உருவாமல் மடியில் கொஞ்சம் விட்டுவைப்பது நல்லது. கறக்கிறவர் மடி நோகாமலிருக்கத் தன் நகத்தை வெட்டிக்கொள்வது நல்லது. தேன் எடுக்கும்போது தேனீக்களுக்கென்று கூட்டில் கொஞ்சம் விட வேண்டும். குளிர்காலத்தில் அவை வெளியே போக முடியாது என்பதால் இன்னும் கூடுதலாக விட வேண்டும்.

இந்தச் சட்டத்தின் அடியில் ஒரு கருத்து இருக்கிறது: பாலில் குட்டிக்குப் பங்கு உண்டு, தேனில் தேனீக்குப் பங்கு உண்டு. பங்கைக் கொடுத்துவிட்டு மீதியை எடுத்துக்கொள். இதற்கு இருநூறு வருஷம் முன்பே மஅர்ரி ஒரு படி மேலே போய்க் கேட்டுவிட்டார்: பங்கு என்ன பங்கு, முழுதுமே அவற்றுடையதுதானே? இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளி புரிந்துவிட்டால் இந்த விஷயத்தில் பாதி புரிந்த மாதிரி.

சட்டக்காரர்கள் எப்படி நடத்துவது என்று யோசித்தார்கள் என்றால், இறையியலாளர்கள் ஏன் இந்த வலி என்று யோசித்தார்கள். முஃதஸிலாக்கள் என்று ஒரு பிரிவினர். இறைவன் நீதியானவன், அநியாயம் செய்யவே மாட்டான் என்பது அவர்கள் கொள்கையின் நடுத்தூண். மனிதன் துன்பப்பட்டால் சோதனை என்றோ தண்டனை என்றோ சொல்லிவிடலாம். பாவமே செய்ய முடியாத ஆட்டுக்குட்டி ஏன் துன்பப்பட வேண்டும்? மறுமையில் அதற்கு ஈடு கிடைக்கும் என்பது அவர்கள் பதில். 1025இல் இறந்த காழி அப்துல் ஜப்பார் இதைத் துருவித் துருவி எழுதினார். அறுப்பதற்கு இறைவன் அனுமதி தந்திருக்கிறான் என்றால், அந்த வலிக்கு ஈடுகொடுக்கும் பொறுப்பையும் அவனே ஏற்றுக்கொண்டிருக்கிறான் என்றார். எதிர்த்தரப்பான அஷ்அரிகள், இறைவன் மீது எதையும் கடமையாக்க நாம் யார் என்று கேட்டார்கள். வாதத்தில் யார் பக்கம் வெற்றி என்பது இங்கே முக்கியமில்லை. ஆட்டின் வலிக்கு யாராவது கணக்குக் காட்டியாக வேண்டும் என்று நினைத்து ஒரு தலைமுறைக்குப் பின் ஒரு தலைமுறையாக உட்கார்ந்து வாதிட்டிருக்கிறார்கள்.

சூஃபிகளிடம், அதாவது இஸ்லாமிய ஞானிகளிடம், வாதம் குறைவு, கதை அதிகம். எட்டாம் நூற்றாண்டில் ஈராக்கின் பஸ்ராவில் வாழ்ந்த பெண் ஞானி ராபியாவைப் பற்றிப் பாரசீகக் கவிஞர் ஃபரீதுத்தீன் அத்தார் சொல்லும் கதை இது. மலையில் ராபியாவைச் சுற்றி மான்களும் காட்டு விலங்குகளும் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. அதே ஊரின் பேர்பெற்ற பக்திமான் ஹஸன் பஸரி அங்கே வருகிறார். அத்தனையும் ஓடிவிடுகின்றன. உங்களிடம் நிற்கின்றன, என்னைக் கண்டால் ஏன் ஓடுகின்றன என்று ஹஸன் வருத்தத்தோடு கேட்கிறார். "இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள்?" என்கிறார் ராபியா. "கொஞ்சம் வெங்காயத்தைக் கொழுப்பில் வதக்கிச் சாப்பிட்டேன்." "அவற்றின் கொழுப்பைத் தின்றுவிட்டு வந்தால் அவை ஓடாமல் என்ன செய்யும்?"

அதே பஸ்ராவில் பத்தாம் நூற்றாண்டில் 'இக்வானுஸ் ஸஃபா', அதாவது தூய்மையின் சகோதரர்கள், என்ற பெயரில் சிலர் தம் பெயரை மறைத்துக்கொண்டு ஐம்பதுக்கு மேற்பட்ட நிருபங்கள், அதாவது கடித வடிவக் கட்டுரைகள், எழுதினார்கள். கணிதம், இசை, வானியல் என்று எல்லாத் துறையும் அதில் உண்டு. விலங்குகளைப் பற்றிய நிருபத்தில் மட்டும் அவர்கள் கதைக்குள் இறங்கிவிட்டார்கள். விலங்குகள் நிம்மதியாக வாழ்ந்த ஒரு தீவில் கப்பல் ஒதுங்குகிறது. இறங்கிய மனிதர்கள் விலங்குகளைப் பிடித்து வேலை வாங்கத் தொடங்குகிறார்கள். விலங்குகள், கண்ணுக்குத் தெரியாத படைப்புகளான ஜின்களின் அரசனிடம் வழக்குப் போடுகின்றன. இந்த விலங்குகள் எங்கள் அடிமைகள், வேதமே அப்படித்தான் சொல்கிறது என்று மனிதர் தரப்பு வசனங்களை அடுக்குகிறது.

பதில் சொல்ல எழுந்து வருவது கோவேறு கழுதை. அந்த வசனங்களை அது மறுக்கவில்லை, வாசித்துக் காட்டுகிறது. சூரியனையும் சந்திரனையும் மேகத்தையும் காற்றையும் கூட உங்களுக்கு வசப்படுத்தியதாக வேதம் சொல்கிறதே, அவையும் உங்கள் அடிமைகளா? இப்படி ஒரு வாதத்தைக் கோவேறு கழுதையின் வாயில் வைத்தவர்கள் யாராக இருந்தாலும், விலங்குகளை அருகில் நின்று பார்த்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அடுத்துக் கழுதை, காளை, செம்மறிக் கிடா, ஒட்டகம், யானை என்று வரிசையாக வந்து தங்கள் பாட்டைச் சொல்கின்றன. குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துக் காலைக் கட்டிப்போட்டுவிட்டு எங்கள் பாலைத் தங்களுக்கு எடுத்துக்கொள்கிறார்கள் என்பது கிடாவின் புகார். வழக்கு நீண்டுகொண்டே போகிறது. மனிதர்கள் சொல்லும் பெருமைகள் ஒவ்வொன்றும், நிமிர்ந்த உடல், அறிவு, அழகு, கைத்தொழில் எல்லாம், உடைந்துபோகின்றன. கடைசியில் மனிதனுக்கு மறுமை வாழ்வு வாக்களிக்கப்பட்டிருக்கிறது என்ற ஒரே காரணத்தால் தீர்ப்பு மனிதர் பக்கம் போகிறது. இந்த முடிவு பலருக்கு ஏமாற்றமாக இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் தீர்ப்பு வந்த பிறகும் விலங்குகள் சொன்னது ஒன்றுகூடப் பொய் என்று நிரூபிக்கப்படவில்லை. இந்த நூல் 1316இல் ஹீப்ரு மொழிக்கும் போனது.

தத்துவவாதிகளில் இரண்டு பேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈரானின் ரய் நகரத்து மருத்துவர் அபூபக்ர் அர்-ராஸி (865–925), உணர்ச்சியுள்ள எந்த உயிருக்கும் காரணமின்றி வலி தரக் கூடாது, அதைவிடப் பெரிய வலியைத் தவிர்ப்பதற்காக மட்டுமே தரலாம் என்றார். எதிரியிடமிருந்து உயிர் தப்பக் குதிரையை விரட்டலாம், பொழுதுபோக்குக்கு வேட்டையாடுவது தவறு. இன்னொருவர் அந்தலூஸில், அதாவது முஸ்லிம் ஆட்சியிலிருந்த ஸ்பெயினில், பிறந்து 1185இல் மராகேஷில் இறந்த இப்னு துஃபைல். அவர் கதையின் நாயகன் ஹய், ஆளில்லாத தீவில் ஒரு பெண்மானின் பாலில் வளர்கிறான். பெரியவனானதும் உணவுக்கு விதி வகுத்துக்கொள்கிறான். முதலில் கனிந்த பழம், விதையை அழிக்காமல். அது இல்லையென்றால் வேறு காய்கனிகள். அதுவும் கிடைக்காவிட்டால் மட்டும் இறைச்சி, அதுவும் ஏராளமாக இருக்கும் இனத்திலிருந்து, ஓர் இனம் அடியோடு அழிந்துபோகாதபடி. நிழலில் வாடும் செடியைக் கண்டால் நிழல் தருவதை விலக்குவான். கண்ணியில் மாட்டிய விலங்கைக் கண்டால் அவிழ்த்துவிடுவான்.

இனி மஅர்ரி. 973இல் வட சிரியாவின் மஅர்ரத் அந்-நுஃமான் ஊரில் பிறந்தார். நான்கு வயது வாக்கில் அம்மை போட்டுப் பார்வை போயிற்று. படிப்பும் கவிதையும் கேட்டுக் கேட்டே வந்தவை. 1008 வாக்கில் பக்தாதுக்குப் போனார். அறிஞர்களின் நகரம், ஆனால் ஒன்றரை வருஷத்துக்கு மேல் அங்கே தங்கவில்லை. தாய்க்கு உடம்பு சரியில்லை என்று கேட்டு ஊருக்குக் கிளம்பினார், வந்து சேர்வதற்குள் தாய் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு மஅர்ரி வீட்டை விட்டு வெளியே போவதையே நிறுத்திக்கொண்டார். தன்னை 'இரண்டு சிறைகளின் கைதி' என்று சொல்லிக்கொள்வார். ஒன்று குருடு, இன்னொன்று வீடு. திருமணம் செய்யவில்லை, பிள்ளையில்லை. "இது என் தந்தை எனக்கு இழைத்தது, நான் யாருக்கும் இழைக்கவில்லை" என்ற வரியைத் தன் கல்லறைக்கென்று சொல்லிவைத்தார். பிறப்பதையே துன்பமாகப் பார்த்த மனிதர். அந்த இருட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவருடைய கருணையை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது, இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

1047இல் பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரோ அந்த ஊர் வழியாகப் போனார். மஅர்ரி செல்வந்தர், ஊருக்கே தலைவர் மாதிரி, ஆனால் கம்பளித்துணி ஒன்றைப் போர்த்திக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார், பார்லி ரொட்டிதான் சாப்பாடு, பகலெல்லாம் நோன்பு, பாடம் கேட்க இருநூறு பேருக்கு மேல் வந்து கூடுகிறார்கள் என்று எழுதிவைத்தார்.

உணவைப் பற்றிய அவர் கவிதை 'லுஸூமிய்யாத்' தொகுப்பில் இருக்கிறது. அந்தத் தலைப்பின் முழு வடிவத்துக்கு 'கட்டாயமில்லாததைக் கட்டாயமாக்கிக்கொள்ளுதல்' என்று பொருள். அரபுக் கவிதையில் வரிக்கடைசியில் ஓர் எழுத்து ஒத்து வந்தால் போதும். இவர் இரண்டு எழுத்து ஒத்து வர வேண்டும் என்று தனக்குத்தானே விதி போட்டுக்கொண்டார். நம் இயைபுத் தொடையை ஒருவர் இரட்டிப்பாக்கிக்கொண்டு நூல் முழுவதும் அதிலேயே எழுதுவது போல. தபாஇஹ், ஸராஇஹ், கபாஇஹ் என்று அந்த உணவுக் கவிதையின் வரிகள் முடிந்துகொண்டே போகின்றன. யாரும் கேட்காத கட்டுப்பாட்டைத் தானே ஏற்றுக்கொள்வது அவருக்குக் கவிதையிலும் பழக்கம், சாப்பாட்டிலும் பழக்கம்.

கவிதை சொல்வது இது. உன் அறிவிலும் மார்க்கத்திலும் நோய் கண்டிருக்கிறது, என்னிடம் வா, சரியான சேதியைக் கேள். நீரிலிருந்து வந்ததை அநியாயமாக உண்ணாதே. புதிதாக அறுத்த இறைச்சியை உணவாகத் தேடாதே. தாய்கள் தம் பிள்ளைகளுக்கென்று வைத்த வெண்பாலை எடுக்காதே, சீமாட்டிகளுக்கென்று அவை அதைச் சுரக்கவில்லை. ஏதும் அறியாத பறவைகள் இட்ட முட்டையைப் பறித்து அவற்றைத் துயரப்படுத்தாதே, செயல்களில் மிகக் கெட்டது அநியாயம்தான். விடியலிலேயே கிளம்பி, மணக்கும் செடிகளின் பூக்களிலிருந்து தேனீக்கள் தேடிச் சேர்த்த தேனை விட்டுவிடு. பிறருக்குப் போகட்டும் என்று அவை அதைச் சேர்க்கவில்லை, தானமாகவும் பரிசாகவும் கொடுக்க அதைத் திரட்டவில்லை.

மெதுவாகப் படித்தால் ஒரு விஷயம் தெரியும். மீனுக்கும் இறைச்சிக்கும் அவர் தனியாகக் காரணம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. உயிரைப் பறிக்காமலே கிடைக்கும் பால், முட்டை, தேன் ஆகிய மூன்றுக்குத்தான் காரணம் அடுக்குகிறார். பாலுக்குக் காரணம் அது யாருக்காகச் சுரந்தது என்பது. முட்டைக்குக் காரணம் தாய்ப்பறவையின் துயரம். தேனுக்குக் காரணம் உழைப்பு. விடியலில் கிளம்பியது யார், பூப்பூவாக அலைந்தது யார்? இந்தத் தேன் வரிதான் கவிதையிலேயே மிகத் துணிச்சலானது என்று நினைக்கிறேன். தேனில் மனிதருக்கு நிவாரணம் உண்டு என்று குர்ஆன் சொல்லியிருக்கும்போது, தேனீயின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு அதன் உழைப்பைப் பேச எவ்வளவு தைரியம் வேண்டும்!

அவருடைய முதுமையில் இந்தக் கவிதைக்கு ஒரு பதில் வந்தது. எழுதியவர் சாதாரண ஆள் இல்லை. கெய்ரோவின் பாத்திமிய்யா அரசில் பெரிய மார்க்கப் பிரசாரகரான அல்-முஅய்யத் ஃபித்தீன் அஷ்-ஷீராஸி. கடிதத்தின் தொடக்கமே அழகு. அறிவிலும் மார்க்கத்திலும் நோயுள்ளவனை வரச் சொல்லியிருக்கிறீர்கள், அந்த நோயாளி நான்தான், மருந்துக்கு வந்திருக்கிறேன் என்று ஆரம்பிக்கிறார். பணிவு மாதிரி இருக்கும், ஆனால் அது வாதத்துக்கு அழைப்பு. பிறகு கேள்வி. செடிகொடி விலங்குக்காக இருக்கிறது, விலங்கு மனிதனுக்காக இருக்கிறது. ஒன்றை ஒன்று தின்னும்படி இறைவனே அமைத்திருக்கிறான். ஊன் தின்பதற்கென்றே பல்லும் நகமும் கொடுத்துச் சில விலங்குகளைப் படைத்திருக்கிறான். அவனைவிட உங்களுக்கு அதிகக் கருணையா?

பலமான கேள்விதான். மஅர்ரி பதிலில் முதலில் தன் வறுமையைச் சொல்கிறார். வருஷத்துக்கு இருபது தீனாருக்குச் சற்று மேல் வருகிறது, அதிலும் வேலைக்காரன் எடுத்ததுபோக மிச்சத்தில் பருப்பும் அவரையும்தான் கட்டுப்படியாகும் என்கிறார். நாஸிர் குஸ்ரோ கண்ட செல்வந்தருக்கும் இந்தக் கடிதத்து ஏழைக்கும் பொருந்தவில்லை. தன்னைச் சுற்றி இருந்த ஆபத்தை அறிந்த கிழவர் பேச்சைப் பணத்தின் பக்கம் திருப்பப் பார்த்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. முஅய்யத் விடவில்லை. பணம்தான் தடை என்றால் நல்ல உணவுக்கு அதிகாரிகள் மூலம் ஏற்பாடு செய்துவிடுகிறேன் என்று எழுதினார். மஅர்ரி வேண்டாம் என்றுவிட்டார். ஆக, தடை பணம் இல்லை.

உண்மையான காரணமும் அந்தக் கடிதங்களிலேயே இருக்கிறது. விலங்குகள் எல்லாம் உணர்ச்சியுள்ளவை, அவற்றுக்கு வலிக்கும் என்பது தெரிந்ததே என்கிறார். குட்டியை அறுத்துவிட்டால் தாய் இரவெல்லாம் தூங்காமல் அரற்றுகிறது. குட்டியின் இறைச்சி ஒரு பக்கம் தின்னப்படுகிறது, அது குடித்திருக்க வேண்டிய பால் இன்னொரு பக்கம் சொந்தக்காரனுக்குப் போகிறது. இதைப் பார்த்து ஒருவன் அறுக்காமலும் பால் குடிக்காமலும் இருந்தால் அவன் மேல் என்ன குற்றம்? அது ஹராம் என்று அவன் சொல்லவில்லை. அறுபடுகிறவற்றின் மேல் இரக்கப்பட்டு, தன்னைப் படைத்தவனின் மன்னிப்பை எதிர்பார்த்து விட்டிருக்கிறான், அவ்வளவுதான். முன்னே சொன்ன கேடயம் இதுதான். பக்தியுள்ளவர்கள் அனுமதிக்கப்பட்டதை விடுவது புதிதில்லை. ஜகாத் என்னும் கட்டாய தர்மம் இரண்டரை சதவீதம்தான், கூடுதலாகக் கொடுப்பவரை யாரும் குற்றம் சொல்வதில்லையே.

சிங்கத்துக்குப் பல்லைக் கொடுத்தது யார் என்ற கேள்விக்கு மட்டும் அவரிடம் முடிவான பதில் இல்லை. அந்தக் கேள்வி அவரையே வாழ்நாள் முழுக்கக் குடைந்துகொண்டிருந்தது என்பது கவிதைகளில் தெரிகிறது. இந்தக் கடிதங்கள் நம்மிடம் இருப்பதற்குக் காரணம் யாகூத் அல்-ஹமவி. 1229இல் இறந்த அவர், தம் அறிஞர் வரலாற்றில் இவற்றை எடுத்துச் சேர்த்துவைத்தார்.

பிராமணர்களின் கொள்கையைப் பின்பற்றுகிறார் என்று அவர் மேல் ஒரு குற்றச்சாட்டும் உண்டு. உயிர்க்கொலை செய்யாத இந்தியர்களைப் பற்றி அரபு உலகத்துக்குத் தெரிந்திருந்தது. இந்தியாவைப் பற்றி விரிவாக எழுதிய அல்-பிரூனி மஅர்ரியோடு ஒரே வருஷத்தில், 973இல், பிறந்தவர். இந்தியர்கள் பிணத்தை எரிப்பதை மஅர்ரியே ஒரு கவிதையில் வியந்து பேசியிருக்கிறார். ஆனால் உணவு விஷயத்தில் இந்தக் குற்றச்சாட்டு எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. ஆன்மா ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குப் போய்த் தூய்மையாகிறது என்கிறார்கள், அறிவு ஒப்புக்கொண்டாலொழிய அதை நம்பாதே என்று அவரே பாடியிருக்கிறார். மறுபிறவியை நம்பாதவர், அடுத்த பிறவியில் ஆடாகப் பிறப்போம் என்று பயந்து ஆட்டை விடவில்லை. அவர் கையாண்ட சொல் ளுல்ம். அதைக் குர்ஆனிலிருந்துதான் கற்றார்.

அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதை ஒன்று. உடம்பு முடியாமல் கிடந்தபோது, கோழிக்குஞ்சு சமைத்துக் கொடுக்கும்படி வைத்தியர் சொல்லிவிட்டார். சமைத்துக் கொண்டுவந்து வைத்தார்கள். கண் தெரியாதவர் ஆயிற்றே, கையால் தடவிப் பார்த்தார். பிறகு அந்தக் குஞ்சிடம் பேசினார்: "நீ வலுவில்லாதவன் என்று கண்டுகொண்டு உன்னை மருந்தாக எழுதிவிட்டார்கள். சிங்கக்குட்டியை எழுதியிருக்க வேண்டியதுதானே?"

உணவுக் கவிதையின் கடைசி வரியை இன்னும் சொல்லவில்லை. இவை எல்லாவற்றிலிருந்தும் கையைத் துடைத்துக்கொண்டேன் என்று சொல்லிவிட்டு, என் நெற்றிப்பொட்டு முடி நரைப்பதற்கு முன்பே இது எனக்கு உறைத்திருக்கக் கூடாதா என்று முடிக்கிறார். முஅய்யத்துக்கு எழுதிய கடிதத்தில், முப்பது வயதிலேயே நிரந்தர நோன்பைத் தொடங்கியதாகச் சொல்கிறார். 1057இல் இறக்கும்போது எண்பதைத் தாண்டியிருந்தார். முப்பதையே தாமதம் என்று நினைத்து வருந்தியிருக்கிறார் அந்த மனிதர்.